காக்கை எச்சத்தைக் கழுவிய பிறகும் கார் பெயின்ட்டில் தடம் நிற்பது ஏன்?

காலையில் கார் பானட்டில் காக்கை எச்சம் கிடக்கிறது. தண்ணீர் ஊற்றித் துடைத்ததும் போய்விடுகிறது. சரி, முடிந்தது என்று நினைக்கிறோம். சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது பார்த்தால் அதே இடத்தில், அதே வடிவத்தில் மங்கலாக ஒரு தடம். மறுபடி ஷாம்பு போட்டுக் கழுவினாலும் அது அசைவதில்லை.

இதைக் கொண்டுபோய்க் காட்டினால் ஆளுக்கொரு பதில் வரும். வாட்டர் சர்வீஸ் கடையில் ரப்பிங் பாலிஷ் போட்டால் போதும் என்பார்கள். பட்டறையில் பானட் முழுவதற்கும் பெயின்ட் அடிக்கச் சொல்வார்கள். இன்னொரு இடத்தில், செராமிக் கோட்டிங் போட்டிருந்தால் இது வந்தே இருக்காது என்பார்கள். செலவு சில நூறு ரூபாயில் தொடங்கிப் பல ஆயிரம் வரை போகிறது. இதில் எது தேவை என்று முடிவெடுக்க வேண்டுமானால், அந்த இடத்தில் பெயின்ட்டுக்கு என்ன ஆனது என்று முதலில் தெரிய வேண்டும்.

பெயின்ட் எத்தனை அடுக்கு?

தொழிற்சாலையிலிருந்து வரும் காரில் பெரும்பாலும் நான்கு அடுக்குகள் இருக்கும். தகட்டிலிருந்து மேல்நோக்கி:

1. அடிப்பூச்சு. தகட்டை ரசாயனத் தொட்டியில் முக்கி, மின்சாரம் செலுத்திப் படிய வைப்பது. துருவைத் தடுக்கும் முக்கியமான வேலை இதனுடையது. சுமார் 20 மைக்ரான்.
2. பிரைமர். மேடுபள்ளத்தைச் சமப்படுத்தி, மேலே வரும் நிறம் பிடித்துக்கொள்ள இடம் தருவது. சுமார் 30 மைக்ரான்.
3. பேஸ் கோட். நாம் பார்க்கும் நிறம் இதுதான். சுமார் 15 மைக்ரான்.
4. கிளியர் கோட். நிறமில்லாத, கண்ணாடி போன்ற மேல் அடுக்கு. 40 முதல் 50 மைக்ரான்.

ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். காரின் பளபளப்பு முழுவதையும் தாங்குகிற, வெயிலிலிருந்து நிறத்தைக் காக்கிற கிளியர் கோட் ஒரு முடியைவிட மெல்லியது.

பறவை எச்சத்தால் வரும் தடங்களில் பெரும்பாலானவை இந்த அடுக்கோடு நின்றுவிடுகின்றன. கீழே நிறம் அப்படியே இருக்கும். ஆனால் கிளியர் கோட் மறுபடி வளராது. பாலிஷ் போடுவது என்றால் எதையோ பூசுவது என்று பலரும் நினைக்கிறார்கள். ரப்பிங் பாலிஷ் எதையும் பூசுவதில்லை, கிளியர் கோட்டைத் தேய்த்து எடுக்கிறது. அதனால் இந்த விஷயத்தில் எல்லா முடிவுகளையும் ஒரே கேள்வியில் நிறுத்திப் பார்க்கலாம்: இதைச் செய்தால் எத்தனை மைக்ரான் போகும்?

அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்து வண்டிகளிலும், சில மலிவான ஒற்றை நிற வண்டிகளிலும் தனியாக கிளியர் கோட் கிடையாது. பாலிஷ் போட்ட துணியில் காரின் நிறமே ஒட்டிக்கொண்டு வந்தால் அது அந்த வகை. அங்கே எச்சம் நேரடியாக நிறத்தைத் தொடுகிறது.

எச்சத்தில் என்ன இருக்கிறது?

பறவைகளுக்குச் சிறுநீர் தனியாக வெளியேறுவதில்லை. எச்சத்தில் தெரியும் வெள்ளைப் பகுதிதான் சிறுநீரகக் கழிவு, அதாவது யூரிக் அமிலம். கறுப்பும் பச்சையுமாக இருப்பது செரிமானக் கழிவு.

'எச்சம் ஆசிட், அதனால் பெயின்ட்டை அரிக்கிறது' என்ற விளக்கம்தான் எங்கும் கேட்கிறது. அதில் பாதி உண்மைதான் இருக்கிறது. யூரிக் அமிலம் வீரியம் குறைந்த அமிலம். எலுமிச்சைச் சாறு இதைவிடப் பல மடங்கு வீரியமானது. பெயின்ட்டைக் கெடுக்கும் மீதிக் காரணங்கள் அந்தக் கறுப்புப் பகுதியில் இருக்கின்றன. குடலிலிருந்து வரும் செரிமான நொதிகள் எச்சத்தோடு சேர்ந்தே வெளியே வருகின்றன. உணவை உடைக்கும் இந்த நொதிகள், ஈரமும் சூடும் கிடைத்தால் கிளியர் கோட் பிசினின் வேதிப் பிணைப்புகளையும் மெல்ல உடைக்க உதவுகின்றன.

இன்னொரு குணமும் கவனிக்க வேண்டியது. யூரிக் அமிலம் தண்ணீரில் கரைவதே அரிது. 100 மில்லி சாதாரணத் தண்ணீரில் 10 மில்லிகிராம்கூடக் கரையாது. மழை பெய்து ஓய்ந்த பிறகும் எச்சம் வெள்ளையாக ஒட்டிக்கொண்டே இருப்பது இதனால்தான். மழை அடித்துக்கொண்டு போய்விடும் என்று காத்திருப்பது தவறான கணக்கு. மழை அதைக் கழுவுவதைவிட மறுபடி நனைத்து வேலை செய்ய வைப்பதே அதிகம்.

வெப்பம், ஈரம், நேரம்

ஒரே எச்சம் ஒரு காரில் தடமே இல்லாமல் போகிறது, இன்னொன்றில் குழி விழுகிறது. வித்தியாசத்தை இந்த மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

வெப்பம். கிளியர் கோட் ஒரு பிளாஸ்டிக். சூட்டில் இளகி விரியும், குளிர்ந்தால் இறுகிச் சுருங்கும். சித்திரை வெயிலில் நிற்கும் கறுப்பு கார் பானட்டில் கை வைக்க முடியாது, 70 டிகிரி செல்சியஸ் வரை போகலாம். அந்தச் சூட்டில் எச்சம் காய்ந்து கெட்டியாகி ஒட்டிக்கொள்கிறது. அடியில் பெயின்ட் இளகியிருக்கிறது. பொழுது சாய்ந்து குளிரும்போது, ஒட்டிக்கிடக்கும் அந்தக் காய்ந்த வில்லையைச் சுற்றி கிளியர் கோட் இறுகி அதன் வடிவத்தையே அச்சாக வாங்கிக்கொள்கிறது. களிமண் இளக்கமாக இருக்கும்போது விரல் வைத்து எடுத்த மாதிரி. இந்த வகைத் தடத்தில் பெயின்ட் கரைந்து போயிருக்காது, உருமாறியிருக்கும்.

ஈரம். நொதியோ அமிலமோ வேலை செய்யத் தண்ணீர் வேண்டும். முழுக்கக் காய்ந்த எச்சம் சும்மா கிடக்கும். மார்கழிப் பனியோ கடற்காற்றின் ஈரமோ பட்டதும் மறுபடி உயிர் பெறும். இது உண்மையான அரிப்பு, பொருள் குறைகிறது.

நேரம். மே மாத வெயிலில் கருநீல பானட் என்றால் சில மணி நேரமே தடம் விழப் போதும். மேகமூட்டமான நாளில் வெள்ளைக் காரில் இரண்டு மூன்று நாள் கிடந்தும் ஒன்றும் ஆகாமல் இருக்கலாம்.

மர நிழலில் நிறுத்தலாமா, வெட்டவெளியிலா என்ற கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. மரத்தடியில் எச்சம் அதிகம் விழும், ஆனால் பெயின்ட் சூடாகாது. வெட்டவெளியில் குறைவாக விழும், விழுந்தது நன்றாக வேகும். இரவு முழுக்க மரத்தடியில் நிறுத்தி, காலையில் துடைக்காமல் ஓட்டிக்கொண்டு போய், பகல் முழுக்க வெயிலில் விடுவதுதான் இருப்பதிலேயே மோசமானது. தெருவில் கார் நிறுத்துகிறவர்களில் பலருக்கு அன்றாடம் நடப்பது அதுதான்.

வட சென்னையில் ஏன் கூடுதல் கவனம்?

காசிமேடு மீன்பிடித் துறைமுகம் இருக்கும்வரை காக்கைக்கும் பருந்துக்கும் கொக்குக்கும் இந்தப் பக்கம் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. எண்ணூர் கழிமுகத்தில் நீர்க்காகமும் கூழைக்கடாவும் உண்டு. மொட்டை மாடியில் புறா வளர்ப்பது ராயபுரம், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி பக்கங்களில் பழைய பழக்கம். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு மாதிரிக் குறுகலான கடைத்தெருக்களில் கேபிள் ஒயருக்கும் கட்டட விளிம்புக்கும் கீழேதான் கார் நிறுத்த இடம் கிடைக்கும். சிவப்புக் காரைத் தேடிவந்து எச்சமிடும் என்று ஒரு பேச்சு உண்டு. காரின் நிறத்தைவிட, காருக்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்பதுதான் பொருட்படுத்த வேண்டியது. நிறுத்தும் முன் தரையைப் பாருங்கள். தரை வெள்ளையாக இருந்தால் மேலே பறவைகள் அடையும் இடம் இருக்கிறது. சாயங்காலம் அடையும்போதும், விடியற்காலையில் கிளம்பும்போதும்தான் அதிகம் விழும்.

பறவைகள் எல்லா ஊரிலும் உண்டு. இங்கே சூழலும் சேர்ந்துகொள்கிறது.

முதலில் தூசி. ராயபுரத்துக்காரர்கள் ஒரு காலத்தில் துறைமுகத்து நிலக்கரித் தூசியோடுதான் வாழ்ந்தார்கள். 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு அந்த நிலக்கரி எண்ணூர் துறைமுகத்துக்கு மாறியது. இப்போது எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் அனல்மின் நிலையங்களின் சாம்பலும் நிலக்கரித் தூளும் மக்களின் மூச்சுக்கே பெரிய பிரச்சினை. கார் பெயின்ட் அதற்குப் பக்கத்தில் மிகச் சின்ன விஷயம்தான், ஆனாலும் பாதிப்பு உண்டு. அனல்மின் சாம்பல் என்பது சிலிக்காவும் அலுமினாவும் கலந்த கண்ணாடித் துகள். அது படிந்த பானட்டைக் காய்ந்த துணியால் துடைப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம்.

அடுத்தது கல். எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி சாலையிலும் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் போகும் காரின் பானட்டில் கல் தெறித்த புள்ளிகள் இல்லாமல் இருக்காது. அந்தப் புள்ளி தகடு வரை போயிருந்தால் கடல் உப்புக் காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும். பெயின்ட்டுக்கு அடியில் துரு பரவி, மேலே கொப்புளமாகத் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் எச்சம் விழுந்து ஊறினால் நிலைமை இன்னும் வேகமாகக் கெடும்.

மூன்றாவது தண்ணீர். கடலோரத் தெருக்களில் பல வீட்டு போர் தண்ணீர் உப்பு. எச்சத்தை அந்தத் தண்ணீரால் கழுவி வெயிலில் காயவிட்டால், எச்சத் தடம் போய் உப்புத் தடம் வந்து உட்காரும். கடைசிக் கழுவலுக்காவது மெட்ரோ தண்ணீரோ கேன் தண்ணீரோ ஒரு சொம்பு வைத்துக்கொள்ளுங்கள்.

எச்சத்தை எடுக்கும் முறை

அவசரமாகச் சுரண்டாமல் பத்து நிமிஷம் பொறுத்தால் வேலை சுலபம்.

1. பானட் கொதித்துக்கொண்டிருந்தால் காரை முதலில் நிழலுக்கு எடுத்து வந்து ஆறவிடுங்கள்.
2. டிஷ்யூ பேப்பரையோ பழைய பருத்தித் துணியையோ வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாக நனைத்து எச்சத்தின் மேல் போர்த்துங்கள். காயக் காயத் தண்ணீர் தெளியுங்கள்.
3. 5 முதல் 10 நிமிஷம் ஊறியதும், அழுத்தாமல் அப்படியே வழித்து எடுங்கள். எச்சத்தில் வேப்பங்கொட்டையும் ஆலம்பழ விதையும் மணலும் இருக்கும், தேய்த்தால் கீறல் நிச்சயம்.
4. மிச்சம் இருந்தால் புதிய துணியோடு மறுபடி ஊறவையுங்கள். ஒருமுறை எடுத்த துணியின் அந்தப் பக்கத்தைத் திரும்பப் பெயின்ட்டில் வைக்கக் கூடாது.
5. நல்ல தண்ணீர் ஊற்றி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள்.

காரில் ஒரு தண்ணீர் ஸ்பிரே பாட்டிலும் கொஞ்சம் டிஷ்யூவும் இருந்தால் இதை எங்கே வேண்டுமானாலும் செய்யலாம். கடையில் விற்கும் தனி ஸ்பிரேக்கள் நல்லவைதான், ஆனால் ஊறவைப்பதற்குத் தண்ணீரே போதும். ஆப்ப சோடா கரைத்து அமிலத்தை முறிக்கச் சொல்கிறார்கள். அதற்குத் தேவை இல்லை. எச்சத்தை முழுதாக எடுத்துவிட்டால் முறிப்பதற்கு அங்கே எதுவும் மிஞ்சாது, கரையாத சோடாத் தூள் கீறலும் போடும். பாத்திரம் தேய்க்கும் பவுடர், நார், டூத்பேஸ்ட், எலுமிச்சை, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். தின்னர் கூடவே கூடாது. பட்டறையில் அடித்த பெயின்ட்டை அது இளக்கிவிடும்.

உடம்புக்கும் ஒரு எச்சரிக்கை. காய்ந்த புறா எச்சத் தூளில் நுரையீரலைப் பாதிக்கும் பூஞ்சைகளும் கிருமிகளும் இருக்கலாம். காய்ந்தபடியே சுரண்டி ஊதாதீர்கள். நனைத்த பிறகு எடுங்கள், கையுறை போடுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

தடம் எந்த நிலை?

கழுவிக் காயவைத்து, மொபைல் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள்.

1. தடவினால் வழவழப்பு, நிறத்தில் லேசான கறை மட்டும். மேலோட்டமானது. ஷாம்புக்குப் பிறகு கையால் மெல்லிய பாலிஷ் போட்டாலே பெரும்பாலும் போகும்.
2. மங்கலான வட்டம், நகம் சிக்கவில்லை. கிளியர் கோட்டின் மேற்பரப்பு உருமாறியிருக்கிறது.
3. நகம் லேசாகச் சிக்குகிறது, ஓரம் கூர்மையாக இருக்கிறது. ஆழமான அரிப்பு.
4. வெடிப்பு, தோல் உரிவது போன்ற உரிவு, அல்லது நிறமே மாறியிருக்கிறது. கிளியர் கோட் முடிந்துவிட்டது.

இரண்டாம் நிலைக்கு ஒரு செலவில்லாத வழி இருக்கிறது. சூட்டில் உருமாறியதைச் சூடே ஓரளவு சரிசெய்யும். ஹேர் டிரையரை அரையடி தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே, கை பொறுக்கும் சூடுவரை காட்டிவிட்டுத் தானாக ஆறவிட்டால் சில தடங்கள் நன்றாக மங்கும். எல்லாத் தடத்துக்கும் இது பலிக்காது. ஆனால் இதில் ஒரு மைக்ரான்கூட இழப்பில்லை என்பதால் முதலில் முயன்று பார்ப்பதே நல்லது.

அடுத்தது மெஷின் பாலிஷ். சரியான பேடும் மென்மையான கலவையும் வைத்துச் செய்தால் ஒரு முறைக்கு ஓரிரண்டு மைக்ரான் போகும், அது தாங்கக்கூடியது. ஒவ்வொரு சர்வீஸுக்கும் காம்பவுண்ட் என்ற சொரசொரப்பான பாலிஷ் பசை போட்டுத் தேய்க்கக் கொடுப்பதுதான் ஆபத்து. சில வருஷங்களில் பானட்டின் விளிம்புகளிலும் மடிப்புகளிலும் கிளியர் கோட் மெலிந்து, வெயில் பட்டு வெள்ளையாகப் பூத்து உரியும். அதற்குப் பிறகு பாலிஷால் செய்ய ஒன்றும் இல்லை.

மூன்றாம் நிலையில் 2000, 3000 எண் வாட்டர் பேப்பரால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் மிக நைசான உப்புத்தாள்) அந்த இடத்தை மட்டும் தேய்த்துப் பிறகு பாலிஷ் போடுவார்கள். இதற்கு முன் பெயின்ட் தடிமன் அளக்கும் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டர் இல்லாத இடத்தில் வாட்டர் பேப்பரைக் கையில் எடுக்க விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. குழி முழுவதும் மறையும்வரை தேய்க்கச் சொல்லவும் வேண்டாம். பாதி மங்கினாலே அதோடு நிறுத்துவது புத்திசாலித்தனம். தடம் கொஞ்சம் தெரிந்தாலும் மிச்சமுள்ள கிளியர் கோட் நிறத்தைக் காத்துக்கொண்டே இருக்கும்.

நான்காம் நிலைக்கு மட்டும்தான் பெயின்டிங். தகடு ஒடுங்காத இடத்தில் பட்டி வைக்க வேண்டிய வேலையே இல்லை, யாராவது அப்படிச் சொன்னால் காரணம் கேளுங்கள். மெட்டாலிக் நிறங்களில் பக்கத்துப் பாகத்தோடு நிறம் கலந்து போகும்படி அடிக்க வேண்டியிருக்கும். பட்டறைப் பெயின்ட் தொழிற்சாலைப் பெயின்ட் போல 140 டிகிரியில் சுட்டது அல்ல. இறுக வைக்கும் ஹார்டனர் கலந்து, பெயின்ட் பூத் என்ற மூடிய அறையில் சுமார் 60 டிகிரியில் உலர்த்தியது. முழுதாக இறுகச் சில வாரங்கள் ஆகும். முதல் ஒரு மாதம் அது சரியாகக் காயாத பெயின்ட் மாதிரித்தான், எச்சம் விழுந்தால் பழைய பெயின்ட்டைவிட வேகமாகத் தடம் விழும். அந்த நாட்களில் வாக்ஸும் போடக் கூடாது.

பாதுகாப்புப் பூச்சுகள் எவ்வளவு தாங்கும்?

வாக்ஸ். மெழுகுப் படலம். எச்சத்துக்கும் கிளியர் கோட்டுக்கும் நடுவில் தன்னைப் பலி கொடுக்கும். சென்னை வெயிலில் சில வாரங்கள்தான் தங்கும். தெருவில் நிற்கும் சாதாரணக் குடும்பக் காருக்கு, ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீட்டிலேயே கையால் வாக்ஸ் போடுவது போதுமான பாதுகாப்பு என்பேன்.

செராமிக் கோட்டிங். சிலிக்கா அடிப்படையிலான, ஒன்றிரண்டு மைக்ரான் தடிமனுள்ள படலம். எச்சம் எளிதில் ஒட்டாது, ஒட்டினாலும் சுலபமாக வரும், கொஞ்சம் கூடுதல் அவகாசம் கிடைக்கும். ஆனால் 'எச்சம் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது' என்று விற்பது பொய். வெயிலில் விட்டால் கோட்டிங்கையும் தாண்டித் தடம் விழும். அப்போது கோட்டிங்கையும் சேர்த்துத் தேய்த்து எடுத்து மறுபடி போட வேண்டும்.

பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிம். 150 முதல் 200 மைக்ரான் வரை தடிமனுள்ள பாலியூரித்தேன் தாள். எச்சம் இதையும் கறையாக்கும், ஆனால் கெட்டால் தாளைத்தான் உரித்து மாற்றுவோம், பெயின்ட் தப்பிக்கும். விலை அதிகம். இருண்ட நிறக் கார், வேறு இடமே இல்லாமல் மரத்தடியில்தான் நிற்க வேண்டும் என்றால் பானட்டுக்கும் ரூஃபுக்கும் மட்டும் போடுவதை யோசிக்கலாம்.

கார் கவர் கடற்காற்று அடிக்கிற தெருவில் இருபக்கமும் வெட்டும். அழுக்குக் காரின் மேல் போட்ட கவர் காற்றில் ஆடி ஆடி சாம்பல் துகளையே வைத்துப் பெயின்ட்டைத் தேய்க்கும். காற்றோட்டமில்லாத பிளாஸ்டிக் கவர் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். கழுவிய காருக்கு, காற்றுப் போகும் துணிக் கவர் என்றால் நல்லது.

கதவின் மேல் மட்டும் திரும்பத் திரும்ப எச்சம் வழிந்தால் சைடு மிரரைக் கவனியுங்கள். மைனாவோ கொண்டைக்குருவியோ கண்ணாடியில் தன்னையே எதிரியாகப் பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். மிரரை மடித்து ஒரு துணிப்பை மாட்டினால் நின்றுவிடும்.

வாரன்டி, இன்ஷூரன்ஸ்

புதுக் காரானாலும் பறவை எச்சம், மரப் பிசின், உப்புக் காற்று, ஆலைத் தூசி ஆகியவற்றால் வரும் பெயின்ட் பாதிப்பை வாரன்டியில் சேர்ப்பதில்லை என்று பெரும்பாலான கம்பெனிக் கையேடுகளில் எழுதியிருக்கும். உங்கள் கையேட்டில் பெயின்ட் பகுதியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

இன்ஷூரன்ஸில், முழுமையான பாலிசியே எடுத்திருந்தாலும், தேய்மானமும் நாளடைவில் வரும் சேதமும் விபத்துக் கணக்கில் வராது. எச்சத் தடத்தை அந்தக் கணக்கில்தான் தள்ளுவார்கள். வேறொரு கீறலோடு சேர்த்து கிளெய்ம் போட்டுப் பானட்டை அடித்துக்கொள்ளலாம் என்று சில இடங்களில் யோசனை சொல்வார்கள். நடக்காத விபத்தை எழுதிக் கொடுப்பது மோசடி என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கிளெய்ம் போடாத முதல் வருஷத்துக்கு 20 சதவீதத்தில் தொடங்கி, தொடர்ந்து ஐந்து வருஷம் போடாமல் இருந்தால் 50 சதவீதம் வரை சேரும் நோ கிளெய்ம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடி, ஒரே கிளெய்மில் பூஜ்யத்துக்கு வந்துவிடும்.